அப்பாமாரிடம் சொல்ல ஒரு பெயர்

மதிப்புக்குரிய மணத்தி கணேசன் அண்ணாச்சிக்கு,

தாமிரபரணிக் கரையில் ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். ஊரில் பி.டி. வாத்தியார் என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். உங்களுக்கு என்னைத் தெரியாது. ஆனால் பல வருஷமாகக் கபடி ஆட்டக்காரரான உங்கள் பெயரை, உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே, நான் எடுத்துப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறேன். அதற்கு நன்றி சொல்ல வேண்டும். தனியாகக் கடிதம் போட்டிருக்கலாம். இந்த நன்றியைக் கேட்க வேண்டியவர்கள் இன்னும் பலர் இங்கே இருக்கிறார்கள் என்பதால் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

பயன்படுத்தினேன் என்று சொன்னது இதைத்தான். ஒரு பையன் கபடியில் நன்றாகப் பாடிப் போகிறான். காலில் வேகம் இருக்கிறது, மூச்சு நிற்கிறது, எதிரே நிற்பவன் எந்தக் காலில் பாரம் வைத்திருக்கிறான் என்று பார்க்கத் தெரிகிறது. குறுவட்டப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம், மாவட்டப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம். பத்தாம் வகுப்பு வந்ததும் ஒரு நாள் மைதானத்துக்கு வராமல் நின்றுவிடுகிறான். தேடிக்கொண்டு வீட்டுக்குப் போனால் அவனுடைய அப்பா மரியாதையாக நாற்காலி எடுத்துப் போட்டு உட்காரவைத்துவிட்டுச் சொல்வார்: “சாரு, கபடி வெளாடி என்னத்த கெடைக்கும்? ஒண்ணு கால் ஒடியும், இல்லாட்டா கேஸு கெடைக்கும். எம் பிள்ளைக்கு ரெண்டும் வேண்டாம்.”

அந்தப் பயத்தை நான் ஒரு நாளும் இளக்காரமாக நினைத்ததில்லை. நம் ஆற்றங்கரை ஊர்களில் கபடி அணி என்பது பெரும்பாலும் ஒரு தெருவின் அணி. தெரு என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் போட்டி வைப்பார்கள். டியூப் லைட் கட்டி ராத்திரி முழுக்க ஆட்டம் நடக்கும். ஒரு அவுட்டில் தகராறு வரும். விடிவதற்குள் அது இரண்டு ஊர்த் தகராறாகிவிடும். போட்டி நடத்தப் போலீஸ் அனுமதி கிடைக்காமல் ஊர்க்காரர்கள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய் அனுமதி வாங்குவதும், ஆட்டக்காரர்களின் பனியனில் சாதித் தலைவர் படமோ சாதி அடையாளமோ இருக்கக் கூடாது என்று நீதிமன்றம் நிபந்தனை போடுவதும் இங்கே பழகிப்போன செய்திகள். 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம், தேர்வு எழுதப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த பள்ளி மாணவன் ஒருவனைக் கீழே இழுத்துப் போட்டு வெட்டினார்கள். கை விரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் வந்த பகைதான் காரணம் என்று அந்தக் குடும்பம் சொன்னது. அந்த வாரம் என் பிள்ளைகளில் பாதிப் பேர் மைதானத்துக்கு வரவில்லை. வரச் சொல்லி நானும் கேட்கவில்லை.

இப்படி ஒரு அப்பா முன்னால் உட்கார்ந்துகொண்டு நான் என்ன பேச முடியும்? உடல் நலம், ஒழுக்கம், கூட்டுணர்வு என்று நாங்கள் பயிற்சிக் கல்லூரியில் படித்தது ஒன்றும் அந்தத் திண்ணையில் எடுபடாது. அங்கேதான் அண்ணாச்சி, உங்கள் பெயரை எடுப்பேன். “மணத்தி கணேசனைத் தெரியுமா?” என்பேன். சிலர் உடனே நிமிர்வார்கள். சிலர் கொஞ்சம் தயங்கி, “அவுக என்ன ஆளுக?” என்று கேட்பார்கள். நான் பதில் சொல்ல மாட்டேன். அவர்களே கொஞ்ச நேரத்தில், “எந்த ஆளா இருந்தா என்ன, ஆட்டக்காரம்லா” என்பார்கள். அப்படி அவர்கள் சொல்லி முடிப்பதற்கு எடுத்துக்கொள்ளும் அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே உங்களுக்கு நான் பெரிய கடன்பட்டிருக்கிறேன்.

ஒரு தடவை, அப்படிச் சொல்லி முடித்த பிறகு ஒருவர் கேட்டார்: “ஈபியில வேல குடுத்தாங்களே, அவருதான?”

ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் நீங்கள் வென்ற தங்கமும் அர்ஜுனா விருதும் அவரைப் பெரிதாகத் தொடவில்லை. மின்வாரிய வேலை தொட்டது. எனக்கு முதலில் அது கொஞ்சம் வருத்தமாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. வாழைத் தோட்டத்திலும் வயலிலும் கூலிக்குப் போய் மகனைப் படிக்கவைக்கிற மனிதர் அவர். ஆட்டம் எங்கே கொண்டுபோய் விடும் என்று அவர் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? சேரன்மகாதேவி சன் பேப்பர் மில் அணியிலிருந்து மின்வாரிய அணி வரை நீங்கள் போன வழி அவருக்குக் கண்ணால் பார்க்கிற வழி. சேரன்மகாதேவிக்கு டவுன் பஸ் இருக்கிறது. ஈபி ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஹிரோஷிமாவுக்கு அந்த வழியாகத்தான் போக முடியும் என்பது அதற்கப்புறம் சொல்லிக்கொள்ள வேண்டிய சேதி.

ஆனாலும் ஹிரோஷிமாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க எனக்கு மனசு வராது. 1990இல் பீஜிங்கில்தான் கபடி முதன்முதலாக ஆசியப் போட்டிகளில் பதக்க ஆட்டமானது. அடுத்தது 1994 அக்டோபர், ஹிரோஷிமா. அந்தப் போட்டியில் இந்தியா முழுவதற்கும் கிடைத்த தங்கம் மொத்தம் 4. டென்னிஸில் இரண்டு, துப்பாக்கி சுடுதலில் ஜஸ்பால் ராணாவுக்கு ஒன்று, கபடிக்கு ஒன்று. அந்தக் கபடித் தங்கத்தில் உங்கள் ஊர் மணத்தி இருந்தது. நீங்கள் சிறு பையனாக இருந்தபோது மணத்தி திருநெல்வேலி மாவட்டத்து ஊர். தூத்துக்குடி மாவட்டம் 1986இல்தான் தனியாகப் பிரிந்தது. அதனால் இந்தக் கரைக்காரர்களாகிய நாங்களும் உங்களைச் சொந்தம் கொண்டாடுகிறோம். கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும். கபடிக்கான அர்ஜுனா விருதில் 1994ஆம் ஆண்டுக்குத் தமிழகத்து ராஜரத்தினம் பெயர் இருக்கிறது. அதற்கடுத்து 1995க்கு உங்கள் பெயர்.

1995 என்று எழுதும்போது கை கொஞ்சம் நிற்கிறது. ஹிரோஷிமா முடிந்து ஓராண்டு ஆவதற்குள், 1995 ஆகஸ்ட் 31 அன்று, கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்து வீடுகளை அடித்து நொறுக்கியது. அந்தச் சில வருஷங்கள் முழுக்க நம் பக்கம் பஸ் ஓடுவதும் நிற்பதும் அன்றன்று காலையில்தான் தெரியும். ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வைத்த பெயரால் மூண்ட கலவரத்தில், 1997இல் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர்கள் பெயர்கள் எல்லாவற்றையும் அரசாங்கமே எடுத்துவிட்டது. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் வெறும் திருநெல்வேலியாயிற்று, வ.உ.சிதம்பரனார் மாவட்டம் வெறும் தூத்துக்குடியாயிற்று. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகப் போன ஊர்வலம் போலீஸ் தடியடியில் சிதறி, 17 பேர் நம் ஆற்றில் செத்தார்கள். இப்படியொரு பத்தாண்டில் ஒரு கிராமத்துப் பையன் சாயங்காலம் பயிற்சிக்குப் போய்விட்டுப் பத்திரமாக வீடு திரும்புவதே பெரிய காரியம். நீங்கள் அதே பத்தாண்டில் ஆடினீர்கள். இதை நான் மறக்காமல் பையன்களுக்குச் சொல்லிவிடுவேன். அவர்களுக்கு அந்த வருஷங்கள் வெறும் எண்கள்.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன். உங்களுக்கே கபடி சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். படிப்பவர்களில் வெளியூர்க்காரர்களும் இருப்பார்கள்.

ஆண்கள் ஆடுகளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டைத் தாண்டினால் எதிரணிக்கு ஆறரை மீட்டர். அதில் 7 பேர். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் ஒரு கோடு. ரைடுக்கு, அதாவது எதிரணிப் பக்கம் பாடிக்கொண்டு, போகிறவன் யாரையும் தொடாவிட்டாலும் அந்தக் கோட்டையாவது ஒரு தரம் தாண்ட வேண்டும், தாண்டாமல் திரும்பினால் அவன் அவுட். அதற்கு ஒரு மீட்டர் அப்பால் போனஸ் கோடு. இப்போது 30 விநாடிக்குக் கடிகாரம் ஓடுகிறது. முன்பெல்லாம் மூச்சுதான் கடிகாரம். கபடி கபடி என்று பாட்டு நின்ற இடத்தில் ஆட்டம் நின்றுவிடும்.

இதில் பல ஆட்டங்களில் இல்லாத ஒன்று இருக்கிறது. உதவிக்கு ஒருவரும் கூட வர முடியாது. கால்பந்தில் பந்தைத் தட்டிவிடலாம். கிரிக்கெட்டில் எதிர்முனையில் ஒருவன் நிற்கிறான். ரைடுக்குப் போகிறவனுடைய சொந்த ஆட்கள் எல்லாரும் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஏழு பேர் கைகோத்துக்கொண்டு அவனுக்காகக் காத்திருப்பார்கள். கார்னரில் நிற்பவன் கணுக்காலைக் குறிவைக்கிறான். கவரில் நிற்பவன் தோளால் இடித்துக் கோட்டுக்கு வெளியே தள்ளப் பார்க்கிறான். ஒருவன் காலைப் பிடித்துவிட்டால் மற்ற ஆறு பேரும் மேலே விழுவார்கள். அந்த ஆறரை மீட்டரில் ஒற்றையாள் பார்க்க வேண்டியது எத்தனை! எவனுடைய கண் தன் காலைப் பார்க்கிறது, எவனுடைய குதிகால் மண்ணிலிருந்து எழும்பியிருக்கிறது, கைகோத்திருப்பவர்களில் எந்தப் பிடி தளர்ந்திருக்கிறது, தன்னிடம் இன்னும் எவ்வளவு மூச்சு மிச்சம். இவ்வளவையும் பாடிக்கொண்டே பார்க்க வேண்டும்.

தொட்டதெல்லாம் கணக்கில் வருவது அவன் திரும்பி வந்தால்தான். நான்கு பேரைத் தொட்டுவிட்டு, தன் கோட்டுக்கு அரையடி முன்னால் மூச்சு விட்டால் ஒன்றுமில்லை. விரல் நுனி நடுக்கோட்டில் பட்டுவிட்டால் நான்கும் அவனுக்கு. “போறது பெரிசில்லலே, வாரதுதாம்லே பெரிசு” என்று ஒவ்வொரு வருஷமும் புதிய பையன்களிடம் முதல் நாளிலேயே சொல்லிவிடுகிறேன்.

பையன்களுக்கு போனில் ஒரு அமெரிக்கரின் ஆட்டத்தைக் காட்டுவது உண்டு. ரிக்கி ஹெண்டர்சன். பேஸ்பால் ஆட்டக்காரர், 2024 டிசம்பரில் காலமானார். பேஸ்பாலில் ஒரு முனையை எட்டி நிற்பவர், பந்து எறிபவர் அசருகிற நேரம் பார்த்து, மட்டை ஆடுபவர் அடிப்பதற்காகக் காத்திராமல் அடுத்த முனைக்குப் பாய்ந்துவிடலாம். 90 அடி தூரம். முனையை எட்டுவதற்குள் எதிரணிக்காரர் பந்தோடு அவரைத் தொட்டுவிட்டால் அவுட். இப்படி முனை திருடுவதில் ஹெண்டர்சனுக்கு நிகர் இன்றுவரை கிடையாது. 1982இல் ஒரே ஆண்டில் 130. தன் 25 ஆண்டு ஆட்டத்தில் மொத்தம் 1,406. அவருக்கு அடுத்தபடியாக இருக்கும் லூ பிராக் 938இல் நின்றுவிட்டார். பையன்கள் வாய் பிளந்து பார்ப்பார்கள். அப்போது இன்னொரு எண்ணையும் சொல்வேன்: அதே ஹெண்டர்சன் திருடப் போய்ப் பிடிபட்டது 335 முறை. பிடிபட்டதிலும் அவர்தான் முதலிடம். அந்த 130 எடுத்த ஆண்டில் மட்டும் 42 தடவை பிடிபட்டிருக்கிறார். ரைடில் ஒரு தரம் சிக்கிவிட்டால் அடுத்த ஆட்டத்துக்கு “சார், எனக்கு வயித்து வலி” என்று வருகிற பையனுக்கு இந்த 42 நல்ல மருந்து.

“நம்ம ரைடு மாரியே இருக்கு சார்” என்று ஒருத்தன் சொன்னான். சரிதான். பாதுகாப்பான இடத்தை விட்டு முதல் அடியை எடுத்துவைக்கிற அந்த நெஞ்சுரம் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் ஹெண்டர்சன் போன வழியே திரும்ப வேண்டியதில்லை. முன்னோக்கி ஓடியே சுற்றி வீடு சேர்ந்துவிடலாம். நம் ஆட்டத்தில் போன வழியிலேதான், அதே ஏழு பேரைத் தாண்டித்தான், திரும்பியாக வேண்டும். இரண்டில் கபடிதான் கடினம் என்பது என் தீர்ப்பு. வாத்தியாரின் பாசம் என்று எடுத்துக்கொண்டாலும் சரி, நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

2025 அக்டோபர் 17 அன்று மாரி செல்வராஜின் ‘பைசன் காளமாடன்’ வந்தது. உங்கள் வாழ்க்கையைத் தழுவிய கதை என்று அவர்களே சொன்னார்கள். நடந்தது எது, புனைந்தது எது என்று பிரிக்க நான் முயலவில்லை. துருவ் விக்ரம் ஓடிய ஓட்டமும், பையனை விட்டுக்கொடுக்காமல் நிற்கிற அந்தப் பி.டி. வாத்தியாரும் எனக்குப் போதுமாக இருந்தது. அந்தத் தீபாவளிக்கு எங்கள் ஊரில் நான் பார்த்த ஒன்று உங்களுக்குத் தெரிய வேண்டும். வழக்கமாக நான்தான் அப்பாமாரைத் தேடிப் போவேன். படம் வந்த பிறகு அவர்களே பள்ளி வாசலுக்கு வந்தார்கள். “பையனுக்கு ஆட்டம் வருமா சாரு? பாத்துச் சொல்லுங்க” என்று கேட்டார்கள். எந்தெந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்று நான் எழுதப் போவதில்லை. எல்லாத் தெருவிலிருந்தும் வந்தார்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

வந்த பையன்களை ஏழு ஏழாகப் பிரித்து அணி போட்டேன். தெருவுக்கு ஒரு அணியாக நிற்க விடவில்லை. நாங்குநேரியில் பள்ளிப் பையன்களே சக மாணவனை வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு, 2023இல் நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. மறு வருஷம் வந்த அறிக்கையில், மாணவர்கள் கையில் கலர் கயிறு கட்டி வருவதைத் தடுக்க வேண்டும் என்ற பரிந்துரை இருந்தது. தேவையான பரிந்துரைதான். ஆனால் கயிற்றைக் கழற்ற வைப்பதோடு என் வேலை முடிவதில்லை. கயிறு கழற்றிய கையை அடுத்த தெருப் பையனின் கையோடு கோக்க வைக்க வேண்டும். கபடியில் அதற்கு இடம் இருக்கிறது. கைகோத்துச் செயினாக நிற்கும்போது பக்கத்தில் இருப்பவன் கையை விட்டுவிட்டால் ரைடர் அந்த இடைவெளி வழியாகப் போய்விடுவான். பிடித்தே ஆக வேண்டும். முதல் வாரம் விரல் நுனியில்தான் பிடித்தார்கள். ரெண்டு மூன்று பாயிண்ட் போனதும் மணிக்கட்டைப் பிடிக்க ஆரம்பித்தார்கள். இதை வைத்து ஊர் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பள்ளிக்கூட மணி அடித்ததும் அவரவர் தெருவுக்குத்தான் போகிறார்கள். மைதானத்தில் இருக்கிற ஒன்றரை மணி நேரத்துக்கு நான் பொறுப்பு. அதில் நடக்கிறதை மட்டும் சொல்கிறேன்.

குறைகளும் இருக்கின்றன, அண்ணாச்சி. நாங்கள் இன்னும் மண்ணில்தான் ஆடுகிறோம். கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, கும்மாயத்தில் கோடு போட்டு ஆடுகிறோம். பெரிய போட்டிகள் எல்லாம் மேட் விரிப்பில் நடக்கின்றன. மண்ணில் வெறுங்காலோடு பழகிய பையன் மேட் விரிப்பில் ஷூ போட்டு நின்றதும் திரும்புகிற இடத்தில் வழுக்குகிறான், அல்லது கால் ஒட்டிக்கொண்டு முழங்கால் பிசகுகிறது. மாநிலப் போட்டி வரைக்கும் போய் அங்கே இரண்டே ரைடில் வெளியே வந்த நல்ல பையன்களை எனக்குத் தெரியும். புரோ கபடி 2014இல் தொடங்கியபோது இதெல்லாம் சீக்கிரம் மாறும் என்று நினைத்தோம். 2022 ஏலத்தில் தமிழ் தலைவாஸ் அணி பவன் ஷெராவத்தை 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அந்தப் பணத்தின் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆட்டக்காரனுக்குப் பணம் வரட்டும். குறுவட்டத்துக்கு ஒரு மேட் வந்தால் போதும் என்றுதான் கேட்கிறேன். முறை வைத்துப் பத்துப் பள்ளிக்கூடம் அதில் பழகிக்கொள்ளும். நீங்கள் பேசுகிற மேடைகளில் இதையும் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் குரல் போய்ச் சேருகிற இடத்துக்கு எங்கள் மனு போய்ச் சேராது.

இன்னும் ஒன்று. உங்கள் படம் ஓடிக்கொண்டிருந்த அதே வாரத்தில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டு நடந்தது. பெண்கள் கபடியில் இந்தியாவுக்குத் தங்கம். அந்த அணியில் சென்னைக் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தாள். மறுநாளே எங்கள் பள்ளிப் பெண் பிள்ளைகள் ஒரு கூட்டமாக வந்து, “எங்களுக்கும் சொல்லித் தாங்க சார்” என்று நின்றார்கள். சொல்லித் தருகிறேன். அதில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, கார்னரில் நின்றால் கணுக்காலை விட மாட்டேன் என்கிறாள். பையன்கள் அவள் பக்கம் ரைடு போகத் தயங்குகிறார்கள். அவள் வீட்டுக்குப் போனேன். அம்மாவுக்குச் சம்மதம். அப்பாவிடம் உங்கள் பெயரைச் சொன்னேன். “அது ஆம்பளப் பயலுவளுக்குச் சரி” என்றார். கார்த்திகா பெயரைச் சொன்னேன். “அது மெட்ராஸு” என்றார். நம் ஆற்றங்கரையிலிருந்தே ஒரு பெண் பெயர் எங்களுக்கு வேண்டியிருக்கிறது. அது இந்தப் பிள்ளையின் பெயராகவே இருக்கலாம் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போகிறேன்.


தாமிரபரணிக் கரையிலிருந்து ஒரு பி.டி. வாத்தியார்